ஏழாம் எண் எலி

ஐதராபாத்
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று ஞாயிறாக உன்னைப் போனில் பிடிக்க முடியவில்லை. குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் இருந்தால் டவர் இல்லை. போடிக்கு இறங்கி வந்தால் உன் போனில் சார்ஜ் இல்லை. அப்படியே கிடைத்தாலும் நான் பத்து வார்த்தை பேசினால் நீ 'சரித்தா, சரித்தா' என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். குரங்கணி டீக்கடை முகவரிக்குப் போட்டால் மலைச்சாமி அண்ணன் ஜீப்பில் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிடுவார் என்று ஆத்தா சொன்னாள்.

உனக்குக் கல்யாணம் என்பதை நான் இன்னும் தினம் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா போன பிறகு தோட்டம், ஆத்தா, என் படிப்பு என்று மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு முப்பத்துமூன்று வயது வரை ஓட்டிவிட்டாய். பொற்கொடியின் போட்டோவை ஆத்தா அனுப்பியிருந்தாள். சிரிக்காமல் நிற்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

சிலமலையில் பொற்கொடி வீட்டில், 'தங்கச்சி என்ன சோலி பாக்குது' என்று கேட்டதற்கு, 'ஐதராபாத்துல பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுது' என்று சொன்னாயாம். ரத்தம் சரி. ஆஸ்பத்திரி இல்லை, ஆராய்ச்சிக்கூடம். மனித ரத்தமும் இல்லை, எலி ரத்தம். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் நீ சரியாகச் சொல்ல வேண்டுமே, அதற்காக எழுதுகிறேன்.

மலேரியாவுக்கு ஒரு புது மருந்து. மனிதருக்குக் கொடுப்பதற்கு முன்னால் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். வெள்ளை எலி, உள்ளங்கையில் அடங்கிவிடும். எலிக்கு மட்டும் வருகிற மலேரியா ஒன்று இருக்கிறது, நமக்கு ஒட்டாது, பயப்படாதே. அந்தக் கிருமியை ஊசியில் ஏற்றிவிட்டு, பாதி எலிகளுக்கு நாலு நாள் மருந்தும் பாதிக்கு வெறும் தண்ணீரும் கொடுக்கிறோம். பிறகு தினமும் காலையில் ஒவ்வொன்றின் வால் நுனியிலும் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். அதைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி புகுந்த அணுவுக்குள் ஊதா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். கல் வைத்த மோதிரம் மாதிரி. ஆயிரம் அணுக்களில் எத்தனைக்குள் மோதிரம் இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். அதுதான் என் சோலி.

இன்று ஆறாம் நாள். தண்ணீர் குடித்த எலிகளுக்கு ஆயிரத்துக்கு நூற்றிருபது. மருந்து குடித்த பத்து எலிகளுக்கும் பூஜ்யம். எங்கள் மேடம் சாதாரணமாகச் சிரிக்காதவர், இன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். முப்பது நாள் பூஜ்யமாகவே இருந்தால் மருந்து ஜெயித்தது என்று அர்த்தம்.

ஆகஸ்டு முப்பத்தொன்றில் கிளம்புகிறேன். கல்யாணம் செப்டம்பர் நாலு, சரிதானே? எனக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கப் போகிறாய் என்று எழுது. மாம்பழ மஞ்சள் வேண்டாம்.

உன் பவதாரணி

*

குரங்கணி மேல்தோட்டம்
29 ஜூலை 2025

என் தங்கச்சி பவாவுக்கு,

உன் கடிதம் ஈரத்தோடு வந்து சேர்ந்தது. இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. மலைச்சாமி உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஜீப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்தான். 'பவா புள்ள லெட்டரு, நனையக் கூடாதுல்ல' என்றான். அவனுக்கும் படித்துக் காட்டினேன். எலி ரத்தம் என்ற இடத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

எனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆகிறது. கை வரவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். ஒன்று கேட்கட்டுமா? அந்த எலிகளுக்கு வலிக்காதா? இங்கே எலி ஏலக்காயைக் கடித்துக் கொட்டுகிறது, நான் பொறி வைத்துப் பிடிக்கிறேன். அதை நினைத்து ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் நீ சின்ன வயதில் ஆட்டுக்குக் காது ஓட்டை போடும்போது அழுதுகொண்டு வீட்டுக்குள் ஓடினவள். தினம் காலையில் ஒவ்வொரு வாலாகப் பிடித்துக் குத்துகிறாய் என்றால் நம்ப முடியவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கேட்கத் தோன்றியது.

புடவையைப் பொற்கொடியே எடுக்கிறாள். 'மதினிக்கு நாந்தான் எடுப்பேன்' என்று சொல்லிவிட்டாள். மஞ்சள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவள் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறாள். மேசையில் குவியலாகக் கொட்டினால், பூச்சி துளைத்தது, வெடித்தது, வெளுத்தது எல்லாவற்றையும் பேசிக்கொண்டே தனியாகத் தள்ளிவிடுவாளாம். நான் போன வாரம் ஒரு புது சட்டை போட்டுப் போனேன். பார்த்ததும், 'மூணாவது பட்டன் வேற நூலு' என்றாள். இனி என் பாடு இப்படித்தான்.

நீ முந்தின நாள் மாலைக்குள் வந்துவிட வேண்டும். முகூர்த்தம் காலை ஏழரைக்கு. நான் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டும் நீ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பது வேறு யாருக்கும் இல்லை. ஊரில் யார் என்ன பேசினாலும் நீ காதில் வாங்காதே, வெரசா வந்து சேர்.

ஆத்தா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலியை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை.

சோலை

*

ஐதராபாத்
9 ஆகஸ்டு 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். வலிக்கும், கொஞ்சம். வலியைக் குறைக்க என்ன செய்யலாமோ அதைச் செய்கிறோம். அதற்கென்று சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது. எந்த எலியாவது கூனிக்கொண்டு, ரோமம் சிலிர்த்து, சாப்பிடாமல் உட்கார்ந்தால் அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம், தூங்கவைத்துவிடுவோம். தண்ணீர் குடித்த எலிகள் எல்லாம் அப்படித்தான் போயின. பெயர் வைப்பதில்லை. காதில் அடையாளமும் ஒரு எண்ணும்தான். முதல் வருடம் நான் மனதுக்குள் பெயர் வைத்துப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். காதில் ஓட்டை போட்டதற்கு அழுத பெண் இப்போதும் உள்ளேதான் இருக்கிறாள். எண்ணிக்கையில் தப்பு செய்துவிட்டால் இத்தனை எலியும் வீணாகப் போனதாகிவிடும் என்று சொல்லி அவளைச் சமாதானம் செய்து வைத்திருக்கிறேன்.

இப்போது எழுதச் சங்கடமான விஷயம்.

இன்று இருபத்தாறாம் நாள். மருந்து குடித்த பத்து எலிகளும் ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தை இயந்திரத்தில் விட்டால், லேசர் ஒளியில் அணு அணுவாகப் பார்த்து அதுவே எண்ணிச் சொல்லிவிடும். பத்துக்கும் இல்லை என்று சொன்னது. நான் கண்ணாலும் பார்த்தேன். ஏழாம் எண் எலியின் ரத்தத்தில் பத்தாயிரம் அணுக்களைத் தாண்டின பிறகு ஒரே ஒரு மோதிரம்.

ஒன்றே ஒன்று. சாயத்தின் துணுக்காக இருக்கலாம். இயந்திரத்தைக் கவனிக்கும் அருள்பாண்டி, நம்ம பெரியகுளத்துப் பையன், வந்து பார்த்துவிட்டு, 'அக்கா, இது அழுக்கு மாதிரிதான் இருக்கு' என்றான். ஆனால் அவ்வளவு குறைவாக இருந்தால் இயந்திரத்துக்கு அழுக்கும் கிருமியும் ஒன்றுதான். மேடம் நெடுநேரம் பார்த்தார். 'எனக்கு நிச்சயமில்லை. உனக்கு?' என்றார். எனக்கு நிச்சயம் என்றேன்.

ஏழாம் எலியின் உடம்பு எதிர்க்கப் பழகியிருக்கும், அதற்குள் கிருமி பெருகாமல் ஒளிந்திருக்கலாம். இதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. ஏழாம் எலியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, நோயே இல்லாத எலிக்கு ஏற்றிவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதில் ஒரு கிருமி இருந்தாலும் அங்கே பெருகி வெளியே வந்துவிடும். நாளை மறுநாள் தொடங்குகிறோம். செப்டம்பர் பத்தாம் தேதி முடியும்.

நான்தான் எண்ண வேண்டும், அண்ணே. என்னால் கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. நம்ம சித்தப்பா மகள் இருக்கிறாள், அவளும் உனக்குத் தங்கைதான். அவள் முடிச்சுப் போடட்டும். பொற்கொடியிடம் நீயே பக்குவமாகச் சொல்.

என்னைத் திட்டாதே.

பவதாரணி

*

குரங்கணி மேல்தோட்டம்
14 ஆகஸ்டு 2025

பவதாரணிக்கு,

கடிதம் கிடைத்தது. எலிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மழை விட்டிருக்கிறது. முதல் சுற்றுக் காய் எடுப்பு ஆரம்பம். சோலி நிறைய.

சோலை

*

ஐதராபாத்
19 ஆகஸ்டு 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு வரி எழுதி என்னை இரண்டு நாள் அழவைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நீ போடியில்தான் இருந்தாய், போன் முழுதாக அடித்து நின்றது. எடுக்கவில்லை.

ஏன் நான்தான் எண்ண வேண்டும் என்று சொல்கிறேன். நோயில்லாத எலிகள் எட்டு, எட்டும் தனித்தனிக் கூண்டில். இரண்டு எலிகளுக்கு ஏழாம் எலியின் ரத்தம். மற்ற ஆறுக்கு வேறு எலிகளின் ரத்தம், அதில் மலேரியாவே பார்க்காத எலியின் ரத்தமும் உண்டு. எது எந்தக் கூண்டில் என்று எனக்குத் தெரியாது. அருள்பாண்டிதான் ஊசி போட்டான். பட்டியலை மேடம் உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தெரிந்துவிட்டால் கண் ஏமாற்றும். ஏழாம் எலியின் ரத்தம் என்று தெரிந்து பார்த்தால் அழுக்கும் மோதிரமாகத் தெரியும், எனக்கு அது மோதிரமாக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது அல்லவா? அதனால்தான் தெரியாத ஆள் எண்ண வேண்டும். அவர்கள் இருவருக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி.

இன்று எட்டாம் நாள். எட்டுக் கூண்டிலும் ஒன்றும் இல்லை. நான் தவறாகப் பார்த்திருந்தால், ஒரு நல்ல மருந்தை ஒரு மாதம் நிறுத்திவைத்தவள் ஆவேன். சரியாகப் பார்த்திருந்தால், அரைகுறையாகக் குணமாக்கும் மருந்து மனிதருக்குப் போகாமல் தடுத்தவள் ஆவேன். இரண்டில் எது என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வேன்.

புடவை எடுத்தாயிற்று என்று ஆத்தா சொன்னாள். மயில்கழுத்து நிறமாம். ஆத்தாவிடமே இருக்கட்டும்.

உன் பவா

*

போடி
24 ஆகஸ்டு 2025

பவாவுக்கு,

போடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆத்தா பக்கத்தில் கீரை ஆய்கிறாள், யாருக்கு என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாள்.

உன் கடிதத்தை நேற்று பொற்கொடியிடம் படிக்கக் கொடுத்தேன். கடை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள்.

'மலையில பறிக்கிறது ஒருத்தரு. கடையில பொறுக்குறது நாங்க. பறிச்சுக் காயவச்சு பத்து நாள் கழிச்சுத்தான் எங்க கைக்கே வருது. மதினி சொல்ற கண்ணாடில ரத்தத்தக் காயவச்சு எடுத்துட்டா, அது ஓடியா போயிரும்? அந்தத் தம்பி தினம் எடுத்து வைக்கட்டும், மதினி வந்து எண்ணட்டும். ஏன் கூடாதாம்?'

எனக்கு அது தோன்றவே இல்லை.

'கூடாதுன்னு அவங்க எழுதல பாருங்க,' என்றாள். 'நாந்தான் எண்ணணும்னு எழுதியிருக்காங்க. நாலாந்தேதியே எண்ணணும்னு எங்கயும் எழுதல. மதினி வேலைக்காக நிக்கல. வேற என்னமோ இருக்கு.'

வீட்டுக்கு வந்து ஆத்தாவைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னாள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஜக்கம்மாள் அத்தை நம் வீட்டில் இருந்துகொண்டே உனக்குப் போன் போட்டதையும், பேசியதையும். 'அறுத்துக்கிட்டு வந்தவ கை புதுத் தாலியில படக் கூடாது. ஒங்க அண்ணன் நல்லா இருக்கணும்னு நெனச்சா, நீயா ஒரு சாக்குச் சொல்லி ஒதுங்கிக்க.' ஆத்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், தடுக்கவில்லை. அதற்காக இருபது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பவா, பத்தாயிரம் அணுவில் ஒன்றை விடமாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் நிற்கிறவள் நீ. என்னிடம் மட்டும் இருக்கிறதை இல்லை என்று எழுதினாயே.

உன்னை அந்த வீட்டில் கொடுத்தது நான். கம்பத்துக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்து, நல்ல குடும்பம் என்று வந்து சொன்னது நான். படிப்பை விடு என்று அவர்கள் உன்னை நெருக்கியபோது, 'கொஞ்சம் அனுசரிச்சுப் போத்தா' என்று ஒரு வருடம் சொன்னதும் நான். தேனிக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டு வெளியே வந்த அன்று நீ என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய், எனக்கு. அதை நான் மறக்கவில்லை.

அத்தையிடம் இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன். 'எந்தங்கச்சி முடிச்சுப் போட்டாத்தான் கல்யாணம். புடிச்சவங்க வரட்டும்.' கத்தியது. கத்தட்டும். பொற்கொடி வீட்டிலும் சொன்னேன். அவள் அப்பா யோசித்தார். அவள் யோசிக்கவில்லை.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் எலியின் பெயரைச் சொல்லாதே.

சோலை

பி.கு. போனை இன்று முழுக்கச் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. எனக்கும் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

*

ஐதராபாத்
30 ஆகஸ்டு 2025

அண்ணே,

இந்தக் கடிதம் முந்துகிறதா நான் முந்துகிறேனா என்று தெரியாது. நாளை இரவு ரயில் ஏறுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

பொற்கொடி சொன்னது சரி. ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துப் பதப்படுத்திவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அருள்பாண்டி முதல் நாளிலேயே, 'அக்கா, நான் எடுத்து வைக்கிறேன், நீங்க போயிட்டு வந்து எண்ணுங்க' என்றான். மேடமும் போய் வா என்றுதான் சொன்னார். நான்தான் முடியாது என்றேன். நான் எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை. ஆனாலும் உனக்குப் பொய் வந்து சேர்ந்தது. எழுதும்போதே தெரிந்துதான் எழுதினேன்.

அத்தையின் பேச்சு எனக்குப் புதிது இல்லை. போனை வைத்ததும் கோபம்தான் வந்தது. கோபம் அடங்கினபோது வேறொன்று வந்தது. நாளைக்கு உங்கள் இருவருக்குள் ஒரு சண்டை வரும், பொற்கொடிக்கு ஒரு காய்ச்சல் வரும், எந்த வீட்டில் வராது? அப்போது எல்லோரும் என் கையைச் சொல்வார்கள். சொல்லட்டும். நானே அதை நம்பிவிடுவேனோ என்றுதான் பயந்தேன். நாள் முழுக்க ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதாதவள், என் விஷயத்தில் மட்டும் ஆதாரமே இல்லாததை நம்பிக்கொண்டு இந்த ஊரில் நாலு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாப்பிள்ளையை நீ பார்த்தது பற்றி எழுதியிருந்தாய். நானும்தான் பார்த்தேன், சரி என்று சொன்னேன். பாதியை என்னிடம் கொடு. முழுவதையும் நீயே சுமக்காதே.

லேப் விஷயம். போன சனிக்கிழமை, பன்னிரண்டாம் நாள், மூன்றாம் கூண்டு எலிக்கு மோதிரம் வந்துவிட்டது. ஆயிரத்துக்கு மூன்று. இரண்டு நாள் கழித்து ஆறாம் கூண்டுக்கும். சந்தேகமே இல்லாத மோதிரங்கள், இயந்திரமும் ஒத்துக்கொண்டது. மற்ற ஆறு கூண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றும் ஆறும் யாருடைய ரத்தம் வாங்கின என்று எனக்குத் தெரியாது. அது ஏழாம் எலியின் ரத்தமாக இல்லாவிட்டால் எங்கோ ஊசியிலோ கையிலோ கலந்துவிட்டது என்று அர்த்தம், எல்லாம் பாழ். உறையை முப்பது நாள் முடிந்த பிறகுதான் பிரிப்போம். அருள்பாண்டி என் முகத்தைப் பார்க்காமல் நடக்கிறான், பாவம், முகத்தில் தெரிந்துவிடுமோ என்று.

ஆத்தாவைச் சாப்பிடச் சொல். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வந்து நானே சொல்கிறேன்.

பவா

*

ரயிலில், 7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ போடி ஸ்டேஷனில் கையசைத்துவிட்டுப் போய் ஆறு மணி நேரம்தான் ஆகிறது. கல்யாணக் கூட்டத்தில் நாம் இருவரும் தனியாகப் பத்து நிமிடம் பேசவில்லை. உனக்குப் பின்னால் நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது, அதைச் சொல்ல வேண்டும்.

நீ முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாய். மேளம் காதைப் பிளந்தது. மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது, என் விரலில் நிற்காமல் வழுக்கியது. தினமும் எலி வாலைப் பிடித்துக் குத்துகிற அதே விரல்தான். எதிரே முதல் வரிசையில் அத்தை. வராது என்று நினைத்தேன், வந்திருந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கணம், விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்றுகூட வந்தது.

பொற்கொடி சடையைத் தன் கையாலேயே முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கழுத்தை நன்றாகத் தாழ்த்திக் கொடுத்தாள். தலையைத் திருப்பாமல், 'மதினி, பதறாதீங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டோவில் நான் சிரிப்பது அதனால்தான். இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவதைப் போடும்போது, 'இறுக்கமாவே போடுங்க' என்றாள். போட்டேன்.

நிமிர்ந்தபோது அத்தை அட்சதை போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் மேல் போட்டது, சில என் தலையிலும் விழுந்தன. பந்தியில் என் பக்கம் திரும்பவில்லை. நானும் போகவில்லை. இப்போதைக்கு அது போதும்.

கிளம்பும்போது ஆத்தா என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐதராபாத், 13 செப்டம்பர்

ரயிலில் எழுதியதைப் பையிலேயே வைத்திருந்தேன், முடிவும் சேர்த்துப் போடலாம் என்று.

வந்ததும் அருள்பாண்டி எடுத்து வைத்திருந்த கண்ணாடிகளை மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன். மூன்றாம் கூண்டிலும் ஆறாம் கூண்டிலும் கிருமி ஏறிக்கொண்டே போயிருந்தது, அளவு மீறியதும் நான் இல்லாதபோதே இரண்டையும் தூங்கவைத்திருந்தார்கள். மற்ற ஆறு எலிகளுக்கும் முப்பதாம் நாள் வரை பூஜ்யம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று மதியம் மேடம் எல்லோர் முன்னாலும் உறையைப் பிரித்தார். மூன்றாம் கூண்டுக்கு ஏழாம் எலியின் ரத்தம். ஆறாம் கூண்டுக்கும் ஏழாம் எலி.

இரண்டு வருட உழைப்பு, அண்ணே. மருந்து கிருமியை அமுக்குகிறது, அழிக்கவில்லை. அருள்பாண்டி, 'அக்கா, அது அழுக்குன்னு சொன்னேன்ல' என்றான். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'நாலு நாள் மருந்து போதவில்லை. ஏழு நாள் கொடுத்துப் பார்ப்போம்' என்றார். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னார், அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டாம் என்று.

நான் சந்தோஷப்பட வேண்டுமா துக்கப்பட வேண்டுமா தெரியவில்லை. இரண்டும் இருந்தது. சோதனை முடிந்துவிட்டதால் சாயங்காலம் ஏழாம் எண் எலியைத் தூங்கவைக்க வேண்டியிருந்தது. வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே செய்தேன். கையில் எடுத்தபோது வழக்கம்போல விரலை மோந்து பார்த்தது. வலிக்கவில்லை, அண்ணே. அதை நிச்சயமாகச் சொல்வேன்.

உன் பவா

*

குரங்கணி மேல்தோட்டம்
21 செப்டம்பர் 2025

என் தங்கச்சி பவாவுக்கு,

உன் கடிதத்தைப் பொற்கொடி சத்தமாகப் படிக்க, நானும் மலைச்சாமியும் கேட்டோம். அவள் பத்து நாளாக இங்கே தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாள். கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, 'இதெல்லாமா எழுதுவாங்க' என்று மலைச்சாமியைப் பார்த்து வெட்கப்பட்டாள். எலி விரலை மோந்தது என்ற இடத்தில் அவளால் மேலே படிக்க முடியவில்லை. மீதியை நான் படித்தேன்.

மருந்து தோற்றுப்போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் எங்கோ ஒருவன் காய்ச்சலில் படுத்து, குணமாகிவிட்டது என்று நம்பி எழுந்து நடந்து, மறுபடி விழாமல் இருப்பான் என்றால் அந்த ஆளுக்கு உன் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும். மலைச்சாமிக்கும் தெரியும், அவன் ஜீப்பில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டான். குரங்கணியில் இப்போது நீ மலேரியாவைக் கண்டுபிடித்தவள் என்று பேச்சு. நான் திருத்தப் போகவில்லை.

நீ கேட்ட பாதியைக் கொடுத்துவிட்டேன், பவா. கம்பத்துக்காரர்களை நினைத்தால் இத்தனை வருடம் நெஞ்சில் ஒரு கனம் ஏறும். நேற்று கம்பத்து லாரி ஒன்று வழியில் எதிர்ப்பட்டது, ஒதுங்கி வழிவிட்டேன், அவ்வளவுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதையே கவனித்தேன்.

ஏழு நாள் மருந்து கொடுக்கிற சோதனைக்குப் புது எலிகள் வர ஒரு மாதம் ஆகும் என்று போனில் சொன்னாய். (பார், இப்போதெல்லாம் எடுக்கிறேன்.) அந்த மாதத்தில் பத்து நாள் இங்கே வா. யாருக்கும் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. நீ எந்த முடிச்சும் போட வேண்டாம். காலையில் உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள். வெயில் அடித்தால் வெளியே உட்கார், மழை பெய்தால் உள்ளே உட்கார். பொற்கொடி உனக்குக் காய் பொறுக்கச் சொல்லிக்கொடுப்பாளாம், வேண்டாம் என்றால் சும்மா இரு.

பஸ்ஸில் யாராவது, 'என்னத்தா, ஊர்ல என்ன விசேஷம்' என்று கேட்பார்கள். ஒரு விசேஷமும் இல்லை, எங்க வீட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு வா.

சோலை